தங்கத்தைக் கொண்டு பாதரசத்தைப் பிடிப்பது: ஒளிரும் நானோ கிளஸ்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு லிட்டர் குடிநீரில் கனிமப் பாதரசம் 6 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. மோலார் கணக்கில் அது சுமார் 30 நானோமோலார். காரீயத்துக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 48 நானோமோலார். காட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம், சுமார் 27 நானோமோலார். இவ்வளவு நுண்ணிய அளவை, மாதிரியை அயனிகளாக்கி அவற்றின் நிறையைக் கொண்டு தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் அது விலை கூடிய, பெரிய கருவி. ஆர்கான் வாயு இடைவிடாமல் ஓட வேண்டும், பழகிய ஆள் வேண்டும், ஒவ்வொரு மாதிரியும் அது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சில பத்து தங்க அணுக்கள் மட்டும் சேர்ந்த கிளஸ்டர் இந்த இடைவெளியில்தான் பயன்படுகிறது. புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும் அது, பாதரசம் சேர்ந்ததும் மங்கிவிடும்.

மங்க வைப்பது சுலபம். தாமிரம் மங்க வைக்கும், இரும்பு மங்க வைக்கும், அமிலம், கலங்கல், ஏன், வெறும் நீர்த்தலே கூட மங்க வைக்கும். குறைந்த ஒளி இந்த அயனியால்தான் குறைந்தது என்று காட்டுவதில்தான் உழைப்பு இருக்கிறது. தயாரிப்பைவிட அந்தப் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான். எடுத்துக்காட்டு முழுக்க பாதரசத்துக்கான தங்கக் கிளஸ்டர். மற்ற அயனிகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

ஏன் ஒளிர்கிறது, எதனால் மங்குகிறது

தங்கத்திலும் வெள்ளியிலும் கடத்தும் எலக்ட்ரான்களின் ஃபெர்மி அலைநீளம் சுமார் 0.5 நானோமீட்டர். துகள் 2 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கி இந்த அளவை நெருங்கும்போது, தொடர்ச்சியாக இருந்த ஆற்றல் பட்டை தனித்தனி நிலைகளாகப் பிரிகிறது. 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அருகே ஒளியைப் பலமாக உட்கவர்ந்து சிவப்பாகத் தெரியும், ஆனால் ஒளிராது. கிளஸ்டரில் அந்த 520 முகடு இல்லை. ஒரு மூலக்கூறு நடந்துகொள்வதைப் போல அது ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் வெளிவிடுகிறது.

ஒளிர்வில் உலோக மையத்துக்கு எவ்வளவு பங்கோ, அதைச் சுற்றிப் பிணைந்துள்ள மூலக்கூறுகளான ஈனிகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. மேற்பரப்பில் ஒற்றை நேர்மின்சுமையுள்ள தங்க அயனிகள் கந்தகத்தோடு பிணைந்து ஓர் ஓடு போல நிற்கின்றன. வரும் அயனி பெரும்பாலும் இந்த ஓட்டில்தான் வேலை செய்கிறது. பாதரச அயனிக்கும் ஒற்றை நேர்மின் தங்கத்துக்கும் எலக்ட்ரான் அமைப்பு ஒன்றே, இரண்டிலும் 5டி கூடு 10 எலக்ட்ரான்களோடு நிரம்பியிருக்கிறது. அப்படிப்பட்ட கன அணுக்கள் இரண்டு அருகே வந்தால் ஒன்றையொன்று வலுவாக ஈர்த்துக்கொள்ளும். அந்தப் பிணைப்பு உருவானதும் கிளர்ந்த ஆற்றல் ஒளியாக வெளிவராமல் வீணாகிறது. பாதரசத்தின் மேல் தங்கக் கிளஸ்டருக்கு இருக்கும் தனி நாட்டத்துக்கு அடிப்படை இதுதான்.

மற்ற அயனிகளின் வழி வேறு. தாமிரம் புரதத்திலோ பெப்டைடிலோ உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் முனைகளைப் பிடித்து எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். காரீயம் அருகருகே உள்ள கிளஸ்டர்களின் கார்பாக்சில் முனைகளை இணைத்துத் திரள வைக்கும். மும்மை நேர்மின் இரும்பு பல சமயங்களில் கிளஸ்டரைத் தொடுவதே இல்லை. அதற்குப் போக வேண்டிய புற ஊதா ஒளியை நடுவழியில் உட்கவர்ந்துவிடும், அவ்வளவுதான்.

எந்தக் கிளஸ்டர்?

பாதரசத்துக்குப் புரதம் போர்த்திய தங்கம் நல்ல தொடக்கம். 2009-ல் ஜியான்பிங் ஷீ, யுவாங்காங் ஜெங், ஜாக்கி யிங் மூவரும் மாட்டுச் சீரம் அல்புமினைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். பிஎஸ்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் புரதம் மலிவானது, வேலையும் எளிது, கிடைக்கும் ஒளிர்வு 640 நானோமீட்டர் அருகே. அடுத்த ஆண்டே அதே குழு அதைப் பாதரசத்துக்குப் பயன்படுத்தி, 0.5 நானோமோலார் வரை கண்டறிய முடிந்ததாக அறிவித்தது.

குளுட்டாதயோன் என்ற சிறு பெப்டைடு போர்த்திய தங்கம் உருவில் சிறியது, காரீயம் போன்ற அயனிகளோடு சுலபமாகத் திரளும். டிஎன்ஏ இழையில் வளர்க்கும் வெள்ளிக் கிளஸ்டர் 2004 முதல் புழக்கத்தில் உண்டு. இழையின் வரிசையை மாற்றினால் நிறத்தை மாற்றலாம், ஆனால் விலை அதிகம், குளோரைடு நிறைந்த நீரில் தொல்லை தரும். தாமிரக் கிளஸ்டர் எல்லாவற்றிலும் மலிவு, காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவது அதன் குறை. முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை பிஎஸ்ஏ-தங்கம்தான்.

முதல் படி: கண்ணாடி

எல்லாக் கண்ணாடிப் பாத்திரங்களையும் இராஜ திராவகத்தால் கழுவுங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் 1 பங்கு. புகைக்கூண்டுக்குள் மட்டும் கலக்க வேண்டும், மூடி போட்டு வைக்கவே கூடாது, அசிட்டோன், எத்தனால் போன்றவை அருகில் இருக்கக் கூடாது. பிறகு மிகத் தூய நீரால் பலமுறை அலசுங்கள். சுவரில் ஒட்டிய பழைய தங்கத் துகள் வித்தாக மாறினால், கிளஸ்டருக்குப் பதில் ஒளிராத பெரிய துகள்கள்தான் வளரும்.

இரண்டாம் படி: கிளஸ்டர் தயாரிப்பு

தங்கத்தைத் தரும் 10 மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலக் கரைசல் 5 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் பிஎஸ்ஏ கொண்ட கரைசல் 5 மில்லிலிட்டர். இரண்டையும் 37 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கக் கரைசலை வேகமாகக் கலக்கிக்கொண்டே புரதக் கரைசலை ஊற்றுங்கள். 2 நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மில்லிலிட்டர். அதே வெப்பநிலையில் 12 மணி நேரம் கலக்க விடுங்கள்.

காரம் சேர்க்கும் அந்த ஒரு படியில்தான் வெற்றி தோல்வி முடிவாகிறது. இங்கே தங்கத்தை ஒடுக்குவது புரதத்தின் டைரோசின் அலகுகளே, வெளியிலிருந்து வேறு ஒடுக்கி கிடையாது. டைரோசினின் பீனால் முனை புரோட்டானை இழந்தால்தான் அந்த வேலையைச் செய்யும், அதற்கு பிஹெச் 10-ஐத் தாண்ட வேண்டும். இந்த அளவுகளில் அது 12 அருகே நிற்கும். கரைசலில் வெகு நாள் கிடந்த சோடியம் ஹைட்ராக்சைடு காற்றின் கார்பன் டை ஆக்சைடை வாங்கி வலு குறைந்திருக்கும். புதிதாகக் கரைத்ததையே பயன்படுத்துங்கள், பிஹெச்சை அளந்தும் பாருங்கள்.

மஞ்சளாக இருந்த கரைசல் வெளிர் பழுப்பாகி, நேரம் போகப் போக அடர் பழுப்பாகும். 365 நானோமீட்டர் கை விளக்கைக் காட்டினால் தொடக்கத்தில் மங்கலான நீல ஒளிதான் தெரியும், அது புரதத்தினுடையது. கிளஸ்டர் வளர வளர சிவப்பு மேலெழும். கரைசல் ஊதாவாகவோ ஒயின் நிறமாகவோ திரும்பினால் பெரிய துகள்கள் உருவாகிவிட்டன என்று பொருள். அதைக் கொட்டிவிட்டுக் கண்ணாடி கழுவுவதிலிருந்து தொடங்குங்கள், சரிசெய்ய முயல வேண்டாம்.

மூன்றாம் படி: சுத்தம், சேமிப்பு, சரிபார்ப்பு

12 முதல் 14 கிலோடால்டன் வெட்டளவுள்ள டயாலிசிஸ் உறையில் இட்டு, தூய நீரில் இரண்டு நாள் வையுங்கள். நீரை அவ்வப்போது மாற்றுங்கள். காரமும் மிஞ்சிய தங்க அயனிகளும் வெளியேறும். சுமார் 66 கிலோடால்டன் எடையுள்ள புரதம் உள்ளேயே நிற்கும். கிளஸ்டர் இல்லாத வெறும் பிஎஸ்ஏவும் அதில் சேர்த்தி. அதன் ஒரு தனித் தயோல் (கந்தக-ஹைட்ரஜன்) முனை பாதரசத்தை விரும்பிப் பிடிக்கும், அதாவது உங்கள் அயனியில் ஒரு பகுதியை ஒளிராத புரதம் எடுத்துக்கொண்டுவிடும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனி அளவீட்டுக் கோடு, அதாவது தெரிந்த பாதரச அளவுகளுக்கு எதிராக ஒளிர்வை வரைந்த கோடு, தேவைப்படுவது இதனால்தான். பழைய தொகுதியின் கோட்டைப் புதிய தொகுதிக்குப் பயன்படுத்தக் கூடாது. 4 டிகிரியில், ஒளி படாமல் வைத்தால் கிளஸ்டர் நன்றாகத் தாங்கும்.

உட்கவர்வு நிறமாலையில் 520 அருகே முகடு இருக்கக் கூடாது. ஒளிர்வு நிறமாலையை 365, 470 இரண்டிலும் தூண்டி எடுங்கள். நீரின் ராமன் சிதறல் 365-ல் தூண்டினால் 417 அருகே வரும், 470-ல் தூண்டினால் 559 அருகே. 365-ன் இரண்டாம் வரிசைச் சிதறல் 730-ல் நிற்கும். இந்த மூன்று இடங்களில் தெரியும் கூர்மையான முகடுகளைக் கிளஸ்டரின் ஒளி என்று எண்ணிவிடாதீர்கள். தூண்டும் அலைநீளத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், முகடும் கூடவே நகர்ந்தால் அது சிதறல்.

நான்காம் படி: எவ்வளவு கிளஸ்டர் போடுவது?

செய்முறைகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. ஆனால் முறையின் கூர்மை முழுதும் இங்கேதான் நிர்ணயமாகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தயாரிப்பில் போட்ட தங்கம் 50 மைக்ரோமோல், மொத்தக் கன அளவு 10.5 மில்லிலிட்டர். செறிவு சுமார் 4.8 மில்லிமோலார். ஒரு கிளஸ்டரில் 25 அணு என்று வைத்து, எல்லாத் தங்கமும் கிளஸ்டராகிவிட்டது என்றும் கொண்டால், கிளஸ்டரின் செறிவு 0.19 மில்லிமோலார். நூறு மடங்கு நீர்த்தால் 1.9 மைக்ரோமோலார். இதில் 30 நானோமோலார் பாதரசம் விழுகிறது. ஓர் அயனி ஒரு கிளஸ்டரை மட்டுமே அணைக்கும் என்றால், குறையும் ஒளி 100-க்கு 1.6 பங்கு. பிப்பெட் பிழையே அந்த அளவு வந்துவிடும்.

ஆகவே கிளஸ்டரை இன்னும் நீர்த்துக்கொண்டே போக வேண்டும், கருவியின் இரைச்சலுக்கு மேலே ஒளி தெளிவாக நிற்கும் கடைசி இடம் வரை. தொடக்கமாக 100, 500, 1000, 2000 மடங்கு நீர்த்து, ஒவ்வொன்றிலும் 30 நானோமோலார் பாதரசத்தைச் சேர்த்து, எதில் குறைவும் திரும்பத் திரும்ப எடுத்த அளவுகளின் நெருக்கமும் சேர்ந்து நன்றாக வருகிறது என்று பாருங்கள். தூண்டும் அலைநீளத்தில் உட்கவர்வு 0.1-க்குக் கீழே இருப்பதும் கட்டாயம். யாராவது மிகச் சிறிய கண்டறியும் எல்லையை அறிவித்தால், நான் முதலில் தேடுவது அவர்கள் போட்ட கிளஸ்டரின் செறிவைத்தான். திரளுதல் போல ஓர் அயனி பல கிளஸ்டர்களைப் பாதிக்கும் வழி இல்லாதபோது, இந்த விகிதக் கணக்கை மீற முடியாது.

ஐந்தாம் படி: தாங்கல் கரைசல்

பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கவே தாங்கல் கரைசல். பாஸ்பேட் வேண்டாம், காரீயம் அதில் வீழ்படிவாகும். சிட்ரேட் உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். டிரிஸ் தாமிரத்தோடு இணையும். 10 மில்லிமோலார் ஹெப்பீஸ் அல்லது மாப்ஸ், பிஹெச் 7 முதல் 7.5 வரை, பெரும்பாலான வேலைக்குப் போதும். உப்பு எதையும் தேவையில்லாமல் சேர்க்காதீர்கள். குளோரைடு மிகுந்தால் பாதரசம் குளோரோ அணைவுகளாக மாறி, கிளஸ்டரிடம் வரும் வேகமும் நாட்டமும் குறையும்.

ஆறாம் படி: அளவீட்டுக் கோடு

பாதரச நைட்ரேட் திட்டக் கரைசலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் வைத்திருந்து, வேண்டிய அளவுக்கு அன்றன்றே நீர்த்துக்கொள்ளுங்கள். நானோமோலார் பாதரசம் குப்பிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நேற்று நீர்த்த 10 நானோமோலார் இன்று 10 ஆக இருக்காது.

ஒவ்வொரு குழாயிலும் கிளஸ்டர் அளவு ஒன்று, தாங்கல் கரைசல் அளவு ஒன்று, மொத்தக் கன அளவும் ஒன்றே. மாறுவது பாதரசம் மட்டும். ஒரே குவெட்டில் (ஒளியை அளக்கக் கரைசலை ஊற்றும் சிறு கலத்தில்) துளித்துளியாகச் சேர்த்துக்கொண்டே போவது சுலபம்தான், ஆனால் 2 மில்லிலிட்டரில் 20 மைக்ரோலிட்டர் சேர்ந்தாலே ஒளி 100-க்கு 1 பங்கு குறையும், அதில் பாதரசத்துக்குப் பங்கே இல்லை. தனித்தனிக் குழாய்களே மேல். கலந்தபின் ஒளிர்வு எப்போது நிலைக்கிறது என்று முதலில் ஒரு நேர வரைபடம் எடுங்கள், அந்த நேரத்தையே எல்லாக் குழாய்களுக்கும் வையுங்கள். அளக்காத நேரத்தில் ஒளித்தடுப்பான் மூடியிருக்கட்டும்.

பாதரசம் இல்லாத வெற்று மாதிரியை 10 முறையாவது அளந்து திட்ட விலக்கம் காணுங்கள். அதை மூன்றால் பெருக்கிக் கோட்டின் சரிவால் வகுத்தால் கண்டறியும் எல்லை, பத்தால் பெருக்கி வகுத்தால் அளவிடும் எல்லை. ஒரே குவெட்டை எடுக்காமல் பத்துமுறை படிப்பது வெற்று மாதிரி ஆகாது. பத்துக் குழாய்களைத் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும், அப்போதுதான் பிப்பெட் பிழையும் கணக்கில் சேரும். அப்படிச் செய்தால் எல்லை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் வேறொருவர் மறுபடி செய்யும்போது நிற்பது அந்த எண்தான்.

ஏழாம் படி: ஏன் மங்கியது?

தொடக்க ஒளிர்வை அணைந்தபின் உள்ள ஒளிர்வால் வகுத்து, அயனிச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். இது ஸ்டெர்ன்-வோல்மர் வரைபடம். நேர்கோடு வந்தால் அணைப்பு ஒரே வகையானது என்று மட்டும் தெரியும். மோதி அணைத்ததா, பிணைந்து அணைத்ததா என்று நேர்கோடு சொல்லாது. அதற்கு ஒளிர்வு ஆயுளை, அதாவது தூண்டியபின் ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை, அளக்க வேண்டும். மோதலால் என்றால் ஒளி குறையும் அதே விகிதத்தில் ஆயுளும் குறையும். பிணைந்து ஒளிராத அணைவு உருவாகியிருந்தால், மிஞ்சிய கிளஸ்டர்களின் ஆயுள் மாறாமல் இருக்கும். சாதாரண சாயங்களின் ஆயுளான சில நானோ விநாடியைக் கடன் வாங்கிக் கணக்கிடுவதைப் பலரிடம் காண்கிறேன். தங்கக் கிளஸ்டரின் ஆயுளில் மைக்ரோ விநாடிக் கூறும் உண்டு, ஆகவே அந்தக் கணக்கு தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

இதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும், அயனியே ஒளியை உட்கவர்கிறதா என்று. அயனி சேர்த்த கரைசலின் உட்கவர்வைத் தூண்டும் அலைநீளத்திலும் வெளிவரும் அலைநீளத்திலும் அளந்து, இரண்டையும் கூட்டி, பாதியாக்குங்கள். அதை 10-ன் அடுக்காக வைத்துக் கிடைக்கும் எண்ணால் ஒளிர்வைப் பெருக்குங்கள். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு அணைப்பு காணாமல் போனால் அயனி கிளஸ்டரோடு பேசவே இல்லை. இரும்பில் இது அடிக்கடி நடக்கும்.

எட்டாம் படி: மற்ற அயனிகள்

எல்லா அயனிகளையும் ஒரே செறிவில் தனித்தனியாகச் சேர்த்து, பாதரசத்துக்கு மட்டும் உயரமான பட்டை வரைவது வழக்கம். பார்க்க அழகு, ஆனால் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி குடிநீரில் தாமிரம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம், அதாவது 31 மைக்ரோமோலார். பாதரசத்தின் 30 நானோமோலாருக்கு அது ஆயிரம் மடங்கு. கால்சியம் லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருப்பது சகஜம், அது 1 மில்லிமோலார், முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். எனவே சோதனை அந்த விகிதங்களிலேயே நடக்கட்டும். தனியாக ஒருமுறை, பாதரசத்தோடு சேர்த்து ஒருமுறை. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதரசத்தின் இடத்தை வேறோர் அயனி பறிக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

தாமிரத்தை மறைக்க, உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் இடிடிஏ சேர்ப்பது பொதுவான உத்தி. ஆனால் இடிடிஏ தாமிரத்தைவிட வலுவாகவே பாதரசத்தைப் பிடிக்கும். கிளஸ்டரின் மேற்பரப்பு அதைவிட வலுவாக இழுத்தால்தான் முறை நிற்கும். மறைப்பானைச் சேர்த்தபின் பாதரசக் கோட்டை மீண்டும் முழுதாக எடுத்து, சரிவு எவ்வளவு குறைந்தது என்று பார்க்காமல் அதை நம்பாதீர்கள்.

எதிர்மின் அயனிகளையும் விட்டுவிட வேண்டாம். சயனைடு தங்கத்தைக் கரைத்துக் கிளஸ்டரையே அழிக்கும். சல்ஃபைடும் தயோல்களும் பாதரசத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஒன்பதாம் படி: உண்மையான நீர்

மாதிரியை எடுத்ததும் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலத்தால் பிஹெச் 2-க்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள். வடித்த நீரில் தெரிவது கரைந்திருக்கும் பாதரசம் மட்டுமே. அளக்கும் முன் நடுநிலையாக்க வேண்டும். அதே அமிலமும் அதே காரமும் வெற்று மாதிரியிலும் திட்டக் கரைசல்களிலும் இருக்கட்டும்.

இயற்கை நீரில் உள்ள ஹியூமிக் பொருள்கள் (மக்கிய தாவரங்களிலிருந்து வருபவை) புற ஊதாவில் தாமே நீலமாக ஒளிரும், பாதரசத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் தொல்லைக்கு 470-ல் தூண்டி 640-ல் படிப்பது நல்ல தீர்வு. இரண்டாவதற்குத் திட்டச் சேர்ப்பு முறைதான் வழி. மாதிரியை நான்கைந்து பங்காக்கி, ஒவ்வொன்றிலும் தெரிந்த அளவு பாதரசத்தைக் கூட்டிக்கொண்டே போய், அந்த நீரிலேயே கோடு வரையுங்கள். சேர்த்ததில் 100-க்கு 80 முதல் 120 வரை திரும்பக் கிடைத்தால் ஏற்கலாம். 50 கிடைத்தால், நீர் உங்கள் பாதரசத்தை மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை முதன்மையாகக் காட்டுவது கனிம அயனியை. மெத்தில் பாதரசமும் சேர்த்து மொத்த அளவு வேண்டுமானால் முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்க வேண்டும், மிஞ்சிய ஆக்சிஜனேற்றியை நீக்கிய பிறகே கிளஸ்டரைச் சேர்க்க வேண்டும். சில மாதிரிகளையாவது குளிர் ஆவி அணு உட்கவர்வு முறையிலோ ஐசிபி-எம்எஸ்ஸிலோ ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீடு இல்லாத எண்ணை வைத்து ஒரு நீரைக் குடிக்கலாம் என்று யாருக்கும் சொல்லக் கூடாது.

களத்துக்குக் கொண்டுபோக நினைத்தால், கிளஸ்டரோடு பாதரசத்தால் மாறாத ஒரு நீலச் சாயத்தைச் சேர்த்து, சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தைப் படியுங்கள். விளக்கின் ஏற்ற இறக்கம் பெருமளவு அடிபட்டுப் போகும். வெறும் கண்ணால் பார்த்தாலும் சிவப்பு நீலமாவதைக் கண்டுகொள்வது, சிவப்பு கொஞ்சம் மங்குவதைக் கண்டுகொள்வதைவிட வெகு சுலபம். காகிதத்தில் ஊறவைத்துக் காயவைத்த பட்டையிலும் இது நடக்கும், ஆனால் கூர்மை கரைசலைவிடக் குறைவு.

கடைசியாக, கழிவு

பாதரசம் தொட்ட எல்லாக் கரைசல்களும், திட்டக் கரைசலின் மிச்சமும், பிப்பெட் முனைகளும் பெயரெழுதிய தனிக் குப்பிக்குப் போக வேண்டும், தொட்டியில் ஊற்றக் கூடாது. காட்மியம், காரீயக் கழிவுகளுக்கும் அப்படியே. இராஜ திராவகக் கழிவை வாயு வெளியேறி அடங்கும் வரை புகைக்கூண்டில் திறந்தே வைத்திருந்து, பிறகு நிறைய நீரில் மெல்ல மெல்லச் சேர்த்து நடுநிலையாக்குங்கள். அதில் கரைந்த தங்கம் இருக்கும், அதுவும் கன உலோகக் கழிவுக் குப்பிக்கே. நைட்ரைல் கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் தொடக்கம் முதல் கழுவி முடிக்கும் வரை போட்டிருக்க வேண்டும்.